விமானத்தின் சக்கரம் இறங்காவிட்டால் என்ன செய்வார்கள்?

2024 அக்டோபர் 11ஆம் தேதி மாலை திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய போயிங் 737 விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்றிச் சுற்றி வந்ததே, அதைச் சொல்லி மூன்று கேள்வி கேட்டிருந்தீர்கள். சக்கரம் இறங்காவிட்டால் விமானிகள் என்ன செய்வார்கள்? உடனே வந்து இறங்காமல் எதற்கு வட்டமடிக்கிறார்கள்? இதே வழியில் வளைகுடாவுக்குப் போகப்போகிற அம்மாவுக்கு என்ன தைரியம் சொல்வது?

நான் விமானி இல்லை. விமானத்தைப் பிரித்துப் பார்த்து, பழுது நீக்கி, பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற பராமரிப்பு வேலை என்னுடையது. வருஷக்கணக்கில் லேண்டிங் கியரின் (சக்கரமும் அதைத் தாங்கும் காலும் சேர்ந்த அமைப்பு) அடியில் நின்று அண்ணாந்து பார்த்து வேலை செய்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் திருச்சி விஷயம். அன்று இரவு, சக்கரம் இறங்கவில்லை, வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் இறங்கப்போகிறது என்றெல்லாம் செய்தி ஓடியது. ஆனால் பழுது, எண்ணெயின் அழுத்தத்தால் பாகங்களை இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பில் இருந்தது. கடைசியில் சக்கரங்கள் ஒழுங்காக இறங்கின. 141 பயணிகளும் பத்திரமாகத் தரைக்கு வந்தார்கள். தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் வரிசையில் நின்றது முன்னெச்சரிக்கைக்காக. சக்கரத்தை ஏற்றி இறக்குவதே ஹைட்ராலிக்தான் என்பதால் அந்தப் பேச்சு கிளம்பியதில் வியப்பில்லை.

இந்தத் தொழிலில் நான் படித்த விபத்து அறிக்கைகளிலிருந்து ஒன்று எனக்கு உறுதியாகத் தெரியும். பயணிகள் விமானத்தில் சக்கரம் இறங்காமல் போவது, விபத்துகளிலேயே ஆட்கள் பிழைத்து வர அதிக வாய்ப்புள்ள ஒன்று. பெரிய சாவுகள் நடந்தது, சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்து மற்றதை மறந்துபோன இடங்களில். இரண்டுக்கும் உதாரணம் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த இயந்திரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடலாம்.

கிணற்றில் தண்ணீர் இறைத்திருக்கிறீர்களா? வாளியை மேலே இழுக்கத்தான் தெம்பு வேண்டும். கயிற்றை விட்டால் வாளி தானாகக் கீழே போய்விடும். லேண்டிங் கியரும் அப்படித்தான். மேலே தூக்குவதற்கு ஹைட்ராலிக் எண்ணெய் வேண்டும், ஒரு சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தத்தில். மேலே போனதும் ஒரு இரும்புக் கொக்கி அதைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் பறக்கிற நேரமெல்லாம் சக்கரத்தைத் தாங்குவது அந்தக் கொக்கிதான். இறக்கும்போது கொக்கி விலகினால் போதும், சொந்த எடையிலேயே சக்கரம் விழும். வழக்கமாக ஹைட்ராலிக்கே கொக்கியை விலக்கி, சக்கரத்தை நிதானமாக இறக்கியும் வைக்கும். எண்ணெய் முழுக்க ஒழுகிப் போனாலும் கொக்கியை விலக்க வேறு ஒரு வழி வைத்திருப்பார்கள். 737இல் துணை விமானியின் இருக்கைக்குப் பின்னால் தரையில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் மூன்று கைப்பிடிகள், ஒவ்வொரு சக்கரத் தொகுதிக்கும் ஒன்று. அதைப் பிடித்து இழுத்தால் கம்பிவடம் போய்க் கொக்கியை விடுவிக்கும். ஏர்பஸ் 320இல் இரண்டு விமானிகளுக்கும் நடுவே ஒரு கைப்பிடி, அதை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். போயிங் 767இல் ஒரு சுவிட்ச், அதைப் போட்டால் ஒரு மின் மோட்டார் அந்த வேலையைச் செய்யும். இந்த 767 மோட்டாரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

விமானத்தை நிறுத்திப் பழுது பார்க்கும் கொட்டகையான ஹேங்கரில் நாங்கள் இதைச் சோதிப்போம். விமானத்தை ஜாக்கில் ஏற்றி, சக்கரங்கள் தரையைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கும்படி வைப்போம். காக்பிட்டில் ஒருவர், கீழே காதில் ஹெட்செட்டோடு ஒருவர். சுற்றிலும் கயிறு கட்டி யாரையும் உள்ளே விட மாட்டோம், ஏனென்றால் சக்கர அறையின் கதவு மூடுகிற வேகத்தில் நடுவே மாட்டினால் ஆள் தப்ப முடியாது. முதலில் லீவரைத் தூக்கி, சக்கரம் உள்ளே போவதைப் பார்ப்போம். அப்புறம் ஹைட்ராலிக் பம்பை நிறுத்திவிடுவோம். ஹேங்கர் சட்டென்று அமைதியாகிவிடும். கீழே நிற்பவர் சரி என்றதும் மேலே இருப்பவர் கைப்பிடியை இழுப்பார். கொக்கி விடுபடுகிற 'டக்' சத்தம், அடுத்த நொடி அவ்வளவு பெரிய கால் தொப்பென்று கீழே விழுந்து, இப்படியும் அப்படியும் லேசாக ஆடி, ஸ்பிரிங் இழுக்க நேராக நின்று பூட்டிக்கொள்ளும். மடக்கிய முழங்காலை நீட்டி விறைப்பாக நிற்பது மாதிரிதான் அந்தப் பூட்டு. பலமுறை பார்த்தாகிவிட்டது. இன்றைக்கும் அந்த ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். அதே நேரம் ஊதா நிறத்தில் எங்கேயாவது ஒரு சொட்டு எண்ணெய் கசிகிறதா என்று எல்லார் கண்ணும் தேடும். கண்ணில் பட்டால் மிளகாய்ப் பொடி தூவியது போல எரிகிற எண்ணெய் அது.

சரி, வானத்தில் என்ன நடக்கிறது?

லீவரை இறக்கினால் மூன்று பச்சை விளக்கு வர வேண்டும். மூக்குச் சக்கரத்துக்கு ஒன்று, இடது, வலது பக்கங்களுக்கு ஒவ்வொன்று. ஒன்று வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானிகள் முதலில் செய்வது, இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே போவது. ஒரு பாதுகாப்பான உயரத்தில் சமமாகப் பறந்துகொண்டு வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் விமானத்தை ஓட்டுவார், அதைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார். இன்னொருவர், எந்தக் கோளாறுக்கு என்ன செய்வது என்று படிப்படியாக எழுதிவைத்த செக்லிஸ்ட்டைத் திறப்பார். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். இந்தப் பிரிவினை ஏன் வந்தது, எத்தனை உயிருக்கு அப்புறம் வந்தது என்பதுதான் கீழே வரப்போகும் கதைகள்.

அடுத்த கேள்வி, கோளாறு சக்கரத்திலா விளக்கிலா? உணரிகள் இரட்டையாக இருக்கும். 737இல் தலைக்கு மேலே இன்னொரு வரிசைப் பச்சை விளக்குகள் உண்டு. ஏர்பஸ் 320 திரையில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு முக்கோணம், அதில் ஒன்று பச்சையாக இருந்தாலே சக்கரம் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டிலுமே வரவில்லை என்றால்தான் செக்லிஸ்ட் சொல்கிறபடி மாற்று வழிக்குப் போவார்கள். அப்படி இறக்கிய சக்கரத்தைத் திரும்ப மேலே தூக்குவது பொதுவாக முடியாத காரியம். அதனால் இங்கேயேதான் இறங்கப் போகிறோம் என்ற முடிவோடுதான் அந்தக் கைப்பிடியைத் தொடுவார்கள்.

டவருக்கு மேலே தாழப் பறந்து காட்டுவதும் உண்டு. அதனால் ஓரளவுதான் பயன். சக்கரம் வெளியே தொங்குகிறது என்று கீழே இருப்பவர் சொல்லலாம். அது பூட்டியிருக்கிறதா என்று பைனாகுலரில் யாருக்கும் தெரியாது.

எல்லாம் செய்தும் இறங்கவில்லையா? அதற்கும் செக்லிஸ்ட்டில் பக்கம் இருக்கிறது. பொதுவாக, கிடைத்த சக்கரங்களை வைத்தே இறங்கச் சொல்வார்கள். ஒரு பக்கம் மட்டும் இல்லை என்றால், தரை தொட்ட பிறகும் அந்தப் பக்கத்து இறக்கையை முடிந்தவரை தூக்கியே பிடித்து, வேகம் குறைந்த பிறகு மெல்ல இன்ஜின் மேல் சாய விடுவது. மூக்குச் சக்கரம் இல்லை என்றால் மூக்கைக் கடைசிவரை தூக்கிப் பிடிப்பது.

2005 செப்டம்பர் 21 அன்று கலிபோர்னியாவில் பர்பாங்க்கிலிருந்து நியூயார்க் கிளம்பிய ஜெட்புளூ ஏர்பஸ் 320க்கு மூக்குச் சக்கரம் இறங்கியே இருந்தது, ஆனால் 90 டிகிரி திரும்பி, போகிற திசைக்குக் குறுக்கே நின்றது. பயணிகள் தங்கள் இருக்கைத் திரையிலேயே தங்கள் விமானத்தைப் பற்றிய நேரலைச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எரிபொருளைக் குறைத்து, முன்னால் எடை குறையும்படி ஆட்களைப் பின் இருக்கைகளுக்கு மாற்றி, லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கினார்கள். டயர் கிழிந்து, இரும்புச் சக்கரம் ரன்வேயில் தேய்ந்து நெருப்புப் பொறி பறந்தது. விமானம் கோடு போட்டதுபோல நேராக ஓடி நின்றது. 146 பேரில் ஒருவருக்கும் அடி இல்லை.

இப்போது அந்த 767 மோட்டாருக்கு வருகிறேன். 2011 நவம்பர் 1. அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து வார்சாவுக்கு வந்த போலந்து நாட்டு 'லாட்' நிறுவனத்தின் விமானம், எண் 16. உள்ளே 231 பேர். கிளம்பிச் சக்கரத்தை உள்ளே இழுத்த கொஞ்ச நேரத்திலேயே ஒரு ஹைட்ராலிக் குழாய் கிழிந்து, நடு ஹைட்ராலிக் அமைப்பின் எண்ணெய் முழுக்கப் போய்விட்டது. 767இல் சக்கரத்தை இறக்குவது அந்த அமைப்புதான். கேப்டன் ததேயுஷ் வ்ரோனா செக்லிஸ்ட்டைப் பார்த்தார், நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மையத்தோடு பேசினார். மற்ற இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளும் நன்றாக இருந்தன. சக்கரத்துக்கு மாற்று வழி இருக்கிறது. அட்லாண்டிக் கடலைத் தாண்ட நிரப்பிய எரிபொருளோடு உடனே திரும்பி இறங்குவதைவிட, அதைச் செலவழித்தபடி வார்சாவுக்கே போவது என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவைப் பலர் குறை சொன்னார்கள். எனக்கு அதில் தவறு தெரியவில்லை.

வார்சாவுக்கு வந்து, மாற்றுச் சுவிட்சைப் போட்டார்கள். சக்கரம் அசையவில்லை. மறுபடி போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் நகரத்துக்கு மேலே சுற்றினார்கள். போலந்து விமானப்படையின் இரண்டு எஃப்-16 விமானங்கள் பக்கத்தில் வந்து பார்த்து, சக்கரம் வெளியே வரவில்லை என்று உறுதி சொல்லின. கீழே ரன்வேயில் நுரை அடித்தார்கள். கடைசியில் வ்ரோனா அந்தப் பெரிய விமானத்தை இன்ஜின் கூடுகளின் மேலேயே, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற பக்குவத்தோடு கிடத்தினார். பொறி பறக்கச் சறுக்கிக்கொண்டே போய் ரன்வேயிலேயே நின்றது. அங்கங்கே பிடித்த சின்னத் தீயைத் தீயணைப்பு வீரர்கள் அணைத்தார்கள். 231 பேரும் இறங்கி நடந்தார்கள்.

எங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கதையின் மிச்சம்தான் நெஞ்சில் தைக்கிறது. விமானத்தைத் தூக்கி நிறுத்தி, மின் இணைப்புக் கொடுத்துப் பார்த்தபோது, துணை விமானியின் பக்கத்தில் தரையை ஒட்டிய பலகையில் சி829 என்ற சர்க்யூட் பிரேக்கர் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. வீட்டு மெயின் பாக்ஸில் ஃபியூஸ் விழுந்திருப்பது மாதிரி. அந்தப் பிரேக்கர் வழியாகத்தான் மாற்று மோட்டாருக்கு மின்சாரம் போக வேண்டும். விசாரணைக் குழுவினர் அதை அமுக்கிவிட்டு மாற்றுச் சுவிட்சைப் போட்டார்கள். மூன்று சக்கரமும் ஒழுங்காக வெளியே வந்து பூட்டிக்கொண்டன.

அது எப்போது, எதனால் வெளியே வந்தது? தற்செயலாகக் கால் படுவதையோ பை இடிப்பதையோ தடுக்க அந்தப் பிரேக்கருக்கு ஒரு மறைப்பும் இல்லை என்பதை விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. பிரேக்கர்களைப் பார்க்கச் சொல்லி அந்தச் செக்லிஸ்ட்டில் ஒரு வரி இல்லை. தரையிலிருந்தும் தகுந்த நிபுணர் உதவி விமானிகளுக்குக் கிடைக்கவில்லை. இதைப் படித்ததிலிருந்து, காக்பிட்டில் வேலை முடித்து இறங்குவதற்கு முன் ஒவ்வொரு பிரேக்கர் வரிசையையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். வெளியே துருத்திய ஒன்று கண்ணுக்குத் தப்பினாலும் கைக்குத் தப்பாது.

ஒரு மணி நேரம் இருந்ததே, அதற்குள் விமானிகளே கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். நூற்றுக்கணக்கான பிரேக்கர்கள் உள்ள அறை அது. அதற்குள் இருட்டில் ஊசி தேடுவது மாதிரித் தேடிக்கொண்டே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு வேறு ஒரு விமானம் சாட்சி.

1978 டிசம்பர் 28. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரம். யுனைட்டட் நிறுவனத்தின் 173ஆம் எண் விமானம், டிசி-8 வகை, 189 பேர். இறங்க வந்து சக்கரத்தை இறக்கினபோது வழக்கத்துக்கு மாறாகப் 'படார்' என்று ஒரு சத்தம், விமானம் ஒரு பக்கம் லேசாக இழுத்தது. வலது பக்கச் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும் உருளையின் தண்டு துருப்பிடித்து அறுந்துபோய், அந்தக் கால் தன் எடையிலேயே வேகமாக விழுந்திருந்தது. பச்சை விளக்குச் சரியாக வரவில்லை. இறக்கையின் மேலே தெரிகிற சின்னக் குறிமுள்ளைப் பார்த்தால் சக்கரம் இறங்கித்தான் இருப்பது போலத் தெரிந்தது. இருந்தாலும் கேப்டனுக்கு மனசு ஒப்பவில்லை. பயணிகளைத் தயார் செய்ய நேரம் கொடுப்போம் என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான். தலை குனிவது, கதவு திறப்பது, இறங்கிய பிறகு என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகப் பேசினார்கள். விமான நிலையம் பக்கத்திலேயே இருக்க, சுமார் ஒரு மணி நேரம் சுற்றினார்கள்.

சுற்ற ஆரம்பித்தபோது கையில் இருந்த எரிபொருள் சுமார் 6 டன். காக்பிட்டில் மூன்றாமவராக உட்கார்ந்து இயந்திரங்களைக் கவனிக்கிற ஃபிளைட் இன்ஜினியர் எரிபொருள் குறைவதைச் சொன்னார், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. துணை விமானியும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். அந்தக் காலத்துக் காக்பிட்டில் கேப்டனிடம் குரலை உயர்த்துகிற பழக்கம் கிடையாது. இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்தபோதுதான் நிலைமை புரிந்தது. ரன்வேக்குச் சுமார் 6 மைலுக்கு முன்னால், மரங்கள் நிறைந்த குடியிருப்புப் பகுதியில் விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள், அந்த ஃபிளைட் இன்ஜினியரும் அவர்களில் ஒருவர். டாங்கில் எரிபொருளே இல்லாததால் தீப்பிடிக்கவில்லை, அதனால்தான் மற்றவர்கள் பிழைத்தார்கள்.

அந்தச் சக்கரத்தை நம்பி நேராக இறங்கியிருந்தால் ஒரு பக்கம் சாய்ந்து, சிலருக்குக் காயம் பட்டிருக்கலாம். அதிகபட்சம் அவ்வளவுதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

அதற்கு ஆறு வருஷம் முன்னால், 1972 டிசம்பர் 29 இரவு, மயாமியில் நடந்தது இன்னும் கொடுமை. ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 401ஆம் எண் விமானம், லாக்ஹீட் டிரைஸ்டார், அப்போது புத்தம் புதிய ரகம். மூக்குச் சக்கரத்தின் பச்சை விளக்கு எரியவில்லை. 2,000 அடி உயரத்தில் தானியங்கி விமானியைப் போட்டுவிட்டு, கேப்டன், துணை விமானி, ஃபிளைட் இன்ஜினியர் எல்லாருமே அந்த விளக்கில் மும்முரமாகிவிட்டார்கள். விளக்கின் கூடு கழன்று சரியாக மாட்ட வரவில்லை. ஒருவர் தரைக்கு அடியில் இருந்த அறைக்கு இறங்கி, கண்ணாடி வழியாக மூக்குச் சக்கரத்தைப் பார்க்கப் போனார். இதற்கு நடுவே யாரோ ஸ்டியரிங் தண்டில் லேசாக இடித்ததில் உயரத்தைப் பிடித்துவைக்கும் இணைப்பு விட்டுப்போனது. விமானம் உணரமுடியாத சாய்வில் இறங்க ஆரம்பித்தது. வெளியே எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம், ஒரு விளக்கு வெளிச்சம்கூட இல்லாத கும்மிருட்டு. உயரம் குறைகிறது என்று ஒரு மணியொலி வந்தது, ஒருவர் காதிலும் ஏறவில்லை. 176 பேரில் 101 பேர் இறந்தார்கள். சிதறலில் தேடி எடுத்துப் பார்த்தபோது மூக்குச் சக்கரம் இறங்கிப் பூட்டித்தான் இருந்தது. பியூஸ் போயிருந்தது அந்த விளக்குக்குள் இருந்த இரண்டு சின்ன பல்புகள்.

இந்த இரண்டு விபத்துக்கும் அப்புறம்தான், காக்பிட்டில் இருப்பவர்கள் ஒரு குழுவாக எப்படி வேலை செய்ய வேண்டும் என்று சொல்லித்தருகிற பயிற்சி உருவானது. 1979இல் நாசா அதற்காக ஒரு பயிலரங்கு நடத்தியது. போர்ட்லாண்டில் விமானத்தை இழந்த அதே யுனைட்டட் நிறுவனம் 1981இல் தன் விமானிகளுக்கு அந்தப் பயிற்சியைத் தொடங்கியது. இன்றைக்கு உலகம் முழுக்க விமானிகளுக்கு இது கட்டாயப் பாடம். ஒருவர் ஓட்டுவதைத் தவிர எதையும் தொடக் கூடாது என்று மேலே சொன்னேனே, அதற்கு விலை கொடுத்தவர்கள் அந்த மயாமி விமானத்தில் இருந்தவர்கள். எரிபொருள் இந்த அளவுக்கு வந்தால் கோளாறு தீர்ந்தாலும் தீராவிட்டாலும் இறங்கியே தீருவோம் என்று முதலிலேயே ஒரு எண்ணை எழுதிவைப்பது போர்ட்லாண்ட் கற்றுத்தந்தது. கேப்டனிடம் துணை விமானி தயங்காமல் நேரடியாகச் சொல்ல வேண்டும், கேப்டன் அதைக் காதில் வாங்க வேண்டும் என்பதும் அங்கிருந்து வந்ததுதான்.

பாடம் தெரிந்தும் சறுக்குகிற நாள் உண்டு. 2020 மே 22 அன்று கராச்சியில் பாகிஸ்தான் இன்டர்நேஷனல் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் 320 சக்கரம் வெளியே இல்லாமலேயே வந்து ரன்வேயில் இன்ஜினைத் தேய்த்தது. சக்கரத்தில் பழுது எதுவும் இல்லை. அபாய ஒலிகள் அடித்தும் கவனம் வேறு எங்கோ இருந்தது. அப்படியே சறுக்கி நின்றிருந்தால் வார்சா மாதிரி முடிந்திருக்கலாம். மறுபடி மேலே எழுந்தார்கள். தேய்ந்த இன்ஜின்கள் இரண்டும் நின்றுபோய், குடியிருப்பின் மேல் விழுந்தது. உள்ளே இருந்த 99 பேரில் 97 பேர் போய்விட்டார்கள்.

வட்டமடிப்பது ஏன் என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு இப்போது பதில் சுலபம். 737-800 சுமார் 79 டன் எடைவரை கிளம்பலாம், ஆனால் இறங்கும்போது ஏறக்குறைய 66 டன்னுக்குள் இருக்க வேண்டும். நடுவே உள்ள வித்தியாசம் வழியில் எரிய வேண்டிய எரிபொருள். பெரிய விமானங்கள் சிலவற்றில் எரிபொருளை வானத்திலேயே வெளியே கொட்டும் வசதி உண்டு. 737க்கும் ஏர்பஸ் 320க்கும் அது கிடையாது, எரித்துத்தான் தீர்க்க வேண்டும். மணிக்குச் சுமார் இரண்டரை டன் எரியும், கணக்குப் போட்டுப் பாருங்கள். எடை குறைந்தால் வேகம் குறைவாக இறங்கலாம், பிரேக்குக்கும் டயருக்கும் சுமை குறையும், ரன்வே நீளம் போதுமானதாகும். சக்கரமே இல்லாமல் தேய்த்து இறங்குவதாக இருந்தால் எரிபொருள் குறைவாக இருப்பது தீயிலிருந்தும் காப்பாற்றும். இன்ஜினிலோ உள்ளேயோ தீ என்றால் மட்டும் இதையெல்லாம் பார்க்க மாட்டார்கள், எவ்வளவு எடை இருந்தாலும் உடனே இறக்கிவிடுவார்கள். அப்படி அதிக எடையோடு இறங்கிய விமானத்தை அன்று ராத்திரியே நாங்கள் திருகு திருகாகப் பார்ப்போம்.

பராமரிப்பின் பக்கம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2014 டிசம்பர் 29 அன்று லண்டன் கேட்விக்கிலிருந்து கிளம்பிய வர்ஜின் அட்லாண்டிக்கின் போயிங் 747 ஒன்று, வலது இறக்கைக்கு அடியில் உள்ள சக்கரம் இறங்காமல் திரும்பி வந்து பத்திரமாக இறங்கியது. சக்கரத்தை இயக்கும் உருளையைச் சமீபத்தில்தான் மாற்றியிருந்தார்கள், அதைத் திருப்பி மாட்டிவிட்டார்கள். ராத்திரி ஷிஃப்டில் கனமான ஒரு பாகத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு போல்ட் மாட்டுகிறவனின் தோள்பட்டை எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். எப்படியாவது மாட்டி முடித்தால் போதும் என்று உடம்பு கெஞ்சுகிற நேரம் அது. அந்த நேரத்தில்தான் படத்தை இன்னொரு தடவை விரித்துப் பார்க்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிற பையன்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்.

கடைசியாக அம்மா. அவரிடம் இந்த விபத்துக் கதையெல்லாம் வேண்டாம். கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் காலுக்கு அடியில் கடகடவென்று ஒரு சத்தம், ஒரு 'தொப்' கேட்கும், அது சக்கரம் உள்ளே போய்க் கதவு மூடுகிற சத்தம், அதற்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். உட்கார்ந்ததும் முன்னாலும் பின்னாலும் அவசரக் கதவுவரை எத்தனை வரிசை என்று எண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள், புகையில் கண் தெரியாவிட்டாலும் இருக்கையைத் தடவிக்கொண்டே போய்விடலாம். பெல்ட்டை வயிற்றின் மேல் போடாமல் இடுப்பெலும்பை ஒட்டித் தாழ்த்தி இறுக்கிப் போட வேண்டும். வட்டமடித்தால் எரிபொருளைக் குறைக்கிறார்கள் என்று தெரிந்திருந்தாலே பாதிப் பதற்றம் போய்விடும். குனியச் சொன்னால் குனிய வேண்டும். வெளியேறச் சொன்னால் உடனே எழுந்து போக வேண்டும், மேலே வைத்த பையை எடுக்க நிற்கவே கூடாது. பாதிக் கதவுகளை மட்டும் வைத்து, முழு விமானமும் 90 நொடியில் காலியாக முடியும் என்று காட்டினால்தான் ஒரு விமான ரகத்துக்கு அனுமதியே கொடுப்பார்கள். ஒருவர் பைக்காகப் பத்து நொடி நின்றால் பின்னால் நிற்கிற அத்தனை பேருக்கும் அந்தப் பத்து நொடி போகிறது.

வளைகுடா போகிற நம் ஆட்கள் பையை விடத் தயங்குவது பாஸ்போர்ட்டுக்காகத்தான், எனக்கும் அது புரிகிறது. அதனால் பாஸ்போர்ட், விசா காகிதம், சுகர் பிரஷர் மாத்திரை, மகன் வீட்டு போன் நம்பர் எழுதிய சீட்டு, இதையெல்லாம் ஒரு சின்னச் சுருக்குப் பையில் போட்டு, கிளம்பும்போதும் இறங்கும்போதும் இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள்.